பியூஸிலிருந்து எடுத்த ஜரிகை

போன மாதம் போளூர்க் கல்யாணத்தில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு நம் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தோமே, அப்போது உங்களில் ஒருவர் அந்தப் பழைய கதையை எடுத்தார். ஆரணியில் நம் தெருவில் வளர்ந்த யாருக்கும் அது தெரியாமல் இருக்காது. ஒயர்மேன் பையில் ஜரிகை இருந்ததாம். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்களாம். “பியூஸ்ல இருந்து எடுத்தேன்”னானாம். அந்த இடம் வந்ததும் எல்லாரும் சிரித்தீர்கள். சிரிப்பில் ஒருவருடைய வெற்றிலைச் சாறு என் சேலையில் தெறித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சேலைக் கறை இரண்டு தண்ணீரில் போய்விட்டது. ஆனால் அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. அது நடந்தது எங்கள் வீட்டுக் கொட்டகையில். ஐம்பது வருஷமாக அந்தக் கதையை எல்லாரும் சொல்கிறீர்கள், நான் மட்டும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், தெருவில் எல்லார் வீட்டுத் தறிக்குழியிலும் தண்ணீர் ஊறியது. அப்பா காலையில் சொம்பால் மொண்டு வெளியே கொட்டிவிட்டு உட்காருவார். மத்தியானத்துக்குள் மறுபடி கணுக்கால் வரை வந்துவிடும். ஈரக் காற்றில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறும். அறுந்த இழையை முடிந்து முடிந்தே பொழுது போய்விடும்.

மற்ற வீடுகளில் பாவுக்கு அடியில் கரிச்சட்டி வைத்தார்கள். அப்பா வைக்க மாட்டார். ஒரு தடவை பொறி பறந்து அவருடைய பாவில் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதிலிருந்து நெருப்பு என்றால் அவருக்குச் சந்தேகம். உண்மையைச் சொன்னால், அவருக்குச் சந்தேகம் இல்லாத பொருள் ஊரிலேயே கிடையாது. பால்காரர் ஊற்றும்போது படியின் அடியைத் தடவிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் ரேங்க் போட்டால், வாத்தியாருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று யோசிப்பார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேடான இடத்தில் மாட்டுக் கொட்டகை இருந்தது. மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர்த் தொட்டி மட்டும் மிச்சம். அங்கே ஒரு தறியைக் கொண்டுபோய் நட்டு, மேலும் கீழும் பல்பு போட்டால் பாவு காய்ந்தபடியே இருக்கும் என்று யோசனை சொன்னது சித்தப்பா. அப்பாவின் தம்பி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடேயே இருந்தார், இரண்டாவது தறி அவருடையது. கொட்டகைத் தறியில் இருவரும் மாறி மாறி நெய்வதாக ஏற்பாடு. கரண்டு விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று அவருக்கு எண்ணம்.

ஊருக்குள் ஒயர்மேன்கள் இருந்தார்கள். அப்பா அவர்களைக் கூப்பிடவில்லை. நாலு தறிக்காரன் வீட்டுக்குப் போய்வருகிறவன், நம் தறியில் ஓடுகிற பார்டரைப் பார்த்துப் போய் அடுத்த வீட்டில் சொல்வான் என்று பயம். அதனால் யாருக்கும் உறவில்லாத ஒருவரைத் தேடிப் பிடித்தார். தேவிகாபுரத்துப் பக்கம், ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். வேலூரில் தொழில் படித்தவர். இருபத்தைந்து வயது இருக்கும். காக்கிப் பை, காதில் பென்சில். எங்கள் வீட்டில் அன்றைக்கு அவர் ‘அவன்’தான், பேசும்போது நானும் அப்படித்தான் சொன்னேன். இதில் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். தாமதம்தான், என்ன செய்ய.

அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா ஜரிகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இது நம் தெருவில் வழக்கம்தானே. பட்டும் ஜரிகையும் நம் சொத்தா என்ன, முதலாளி வீட்டில் எடை போட்டுக் கொடுப்பார்கள், நெய்த சேலையை எடை போட்டு வாங்குவார்கள். சேதாரத்துக்கு மேல் குறைந்தால் பேச்சு வரும். கடன் வாங்கினவனுக்கும் குடித்தவனுக்கும் நம் தெருவில் மன்னிப்பு உண்டு. ஜரிகையில் கை வைத்தவன் என்று பேர் வந்தவனுக்கு ஒரு வாசலும் திறக்காது.

ஒயர்மேன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மண் சுவர். “கோடு அடிக்கணும், ஒரு நூல் குடுங்கம்மா” என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா முகம் மாறியது. “பட்டு நூல்லாம் தர்றதுக்கில்லப்பா.”

“பட்டு இன்னாத்துக்குங்க? கெணத்துக் கயித்துல ஒரு பிரி குடுத்தாலும் போதும்” என்று சிரித்தார் அவர்.

கயிற்றுப் பிரியைத் துணிக்குப் போடும் நீலத்தில் தோய்த்து, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினார். சுவரில் நீலக் கோடு விழுந்தது. அப்பா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நேர் கோடு பற்றி நெசவுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “கோடு நேரா கீது” என்றார். அவ்வளவு பெரிய பாராட்டை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சுவரைக் குடைந்து மரக்கட்டை அடித்து, கட்டை மேல் தேக்குப் பட்டியை அறைந்து, பட்டியின் மேல் வெள்ளைத் தகரக் கிளிப் வைத்து ஒயரை அடக்கிக்கொண்டே போனார். பட்டிக்குப் பூசிய வார்னிஷ் வாசனை எனக்குப் பிடித்திருந்தது, கிட்டே போய்ப் போய் மோந்தேன். அப்பா நெசவை நிறுத்திவிட்டு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

“இந்த ஒயரு உள்ளாற பூந்து எங்க போவுது?”

“சுச்சுக்குப் போவுதுங்க.”

“பக்கத்து வீட்டுச் செவுத்துக்கு எதுவும் போவலியே?”

“போவலிங்க. வேணும்னா இழுத்துப் பாருங்க.”

அப்பா இழுத்தே பார்த்தார். ஒயர்மேன் கோபிக்கவில்லை. அம்மா அவருக்குத் தண்ணீரைச் சொம்பிலிருந்து கையில் ஊற்றினாள். அவர் குனிந்து குடித்தார். வீட்டில் தம்ளருக்கா பஞ்சம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான்கு பல்பும் ஒரு பிளக் பாயின்ட்டும் மூன்று நாளில் முடிந்தன. சுவிட்சைப் போட்டபோது பாவு முழுக்க மஞ்சளாக மின்னியது. சித்தப்பா கை தட்டினார். அப்பா சுவிட்சை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, ஐந்து முறை பார்த்தார். பிளக்கின் ஓட்டைகள் வழியாகக் கரண்டு சும்மா வழிந்துகொண்டிருக்குமோ என்று அம்மாவுக்குப் பயம். துணியைச் சுருட்டி அடைக்கப் போனாள். ஒயர்மேன் பதறிப்போய்த் தடுத்தார்.

போகும்முன் சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பீங்கான் பியூஸ் கட்டையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மெல்லிய கம்பி ஒன்று. “நாலு பல்பு, மிஞ்சிப்போனா ஒரு ரேடியோ, அவ்ளோதாங்க. அடுப்பு கிடுப்பு எதுவும் சொருவாதீங்க. லோடு அதிகமானா இந்தக் கம்பி எரிஞ்சி உட்டுடும். போச்சேன்னு பேஜார் ஆவாதீங்க, நல்லதுக்குதான் போச்சுன்னு நெனச்சிக்குங்க.” மாற்றுக்கு ஒரு முழம் பியூஸ் கம்பியும் கொடுத்தார். பிளக்குக்கு எர்த் இன்னும் கொடுக்கவில்லை, மழை விட்டதும் வந்து குழி தோண்டிக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் போனார்.

அடுப்பு போடாதே என்று அவர் சொன்னது சித்தப்பா காதில் ‘அடுப்பு போடலாம்’ என்றுதான் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே கண்ணமங்கலம் ரோட்டில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து கம்பிச்சுருள் அடுப்பு ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அப்பா மத்தியானம் கண் அசரும்போது சித்தப்பா அதைப் பாவுக்குக் கிட்டே வைத்து மூட்டுவார். பாவு சுள்ளென்று காயும். அவர் வேகமாக நெய்வார். கல்யாணச் சேலை, தை மாதத்துக்குள் மூன்று கொடுக்க வேண்டும். அதே அடுப்பில் டீயும் போடுவார். எனக்கு டப்பா மூடியில் ஊற்றித் தருவார். வீட்டில் எனக்கு டீ கிடையாது. அந்த மூடி டீயின் ருசி பிறகு எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒயர்மேன் சொன்னபடி பியூஸ் போயிற்று. கொடுத்த கம்பி இரண்டே நாளில் தீர்ந்தது. மூன்றாம் நாள் பல்பு அணைந்ததும் சித்தப்பா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு குறுக்கே ஓடும் நாடாவுக்குள் ஜரிகை சுற்றியிருந்த தார்க்குச்சியிலிருந்து ஒரு முழத்தை இழுத்து அறுத்தார். மடித்து, மறுபடி மடித்து, விரலில் முறுக்கிக் கம்பியாக்கினார்.

“ஜரிகைன்னா இன்னா? பட்டு இழை மேல சுத்துன வெள்ளிக் கம்பி தான? வெள்ளில கரண்டு ஓடாதா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே பியூஸில் திருகினார். லைட் வந்தது. உலகத்திலேயே பெரிய அறிவாளி என் சித்தப்பாதான் என்று நினைத்தேன்.

“அப்பாகிட்ட வாய் தொறந்தே, நாளைக்கு டீ கெடையாது.”

அதற்குப் பிறகு பியூஸ் போகும்போதெல்லாம் அப்படித்தான். உள்ளே பட்டு இழை எரிவதால் கொட்டகையில் முடி கருகுகிற நாற்றம் வரும். அம்மாவுக்கு உடனே சந்தேகம். கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் பேச்சை நிறுத்திய பக்கத்து வீட்டு அம்மாதான் நம் வீட்டு முடியை எடுத்துப்போய் எரிக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். சீப்பில் சிக்கும் முடியைக்கூட எண்ணாத குறையாகப் பொட்டலம் கட்டி ஒளித்து வைத்தாள். கொட்டகை வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கியது. எனக்கு எல்லாம் தெரியும். டீக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் இரண்டு நாள் மழை விட்டது. ஒயர்மேன் எர்த் கொடுக்க வந்தார். அப்பா அன்றைக்குத்தான் நெய்து முடித்த முதல் சேலையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டு, “அவன் மேல ஒரு கண்ணு வெச்சிக்க. எதுனா எடுக்கறானா பாரு” என்று அனுப்பினாள். நான் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என்னைக் காவல் வைத்ததே பார்ப்பதற்குத்தான். நானும் நன்றாகவே பார்த்தேன்.

குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தகட்டைப் புதைத்து மூடினார். கையைக் கழுவிக்கொண்டு பியூஸ் கட்டையைக் கழற்றினார். அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாங்க இது? ஜரிகையா?”

சித்தப்பா தறியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். “கம்பி தீந்து போச்சுப்பா. அதான்…”

“கொட்டகையே எரிஞ்சிடுங்க! இவ்ளோ மொத்தமா முறுக்கி வெச்சா இது எப்பங்க உடும்? ஒயருதான் பத்திக்கும்.” ஜரிகையைப் பிடுங்கி எடுத்தார். தன் பையிலிருந்து சரியான கம்பியை எடுத்துப் போட்டுத் திருகி மூடினார். பெட்டிக்கு அடியில் முன்பு எரிந்து விழுந்த துண்டுகளும் கிடந்தன. எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பேப்பரில் வைத்தார். “ஐயா வந்ததும் காட்டிச் சொல்லிடறேன். இது உசுரு விசயம்.”

“சொல்லாதப்பா, உன் கையப் புடிச்சி கேட்டுக்கறேன். எங்க அண்ணன் தோல உரிச்சிடுவாரு.” சித்தப்பா நிஜமாகவே அவர் கையைப் பிடித்தார்.

“அப்போ இந்தாங்க, நீங்களே வெச்சிக்குங்க” என்று அவர் பொட்டலத்தை நீட்டினார். அந்த நேரம் முன்வாசல் கதவு படாரென்று திறந்தது. அப்பாவின் குரல். சித்தப்பா வெலவெலத்துப்போய், “உள்ள வை, பைல வை, ஜல்தி!” என்றார். ஒயர்மேன் ஒன்றும் புரியாமல் பொட்டலத்தைத் தன் பைக்குள் போட்டார்.

அப்பா கொட்டகைக்கு வந்தபோது சேலை அவர் கையிலேயே இருந்தது. முதலாளி வீட்டில் எடை இருபது கிராம் குறைந்திருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவருக்கு அப்படி ஆனதே இல்லை. நாலு பேர் முன்னால் முதலாளி, “வீட்டுக்குள்ள யாரு வந்து போறாங்கன்னு பாரு” என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வந்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்தக் காக்கிப் பை.

வாங்கிக் கவிழ்த்தார். ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், கிளிப்புகள், ஒரு தூக்குச் சட்டி. பிறகு பேப்பர் பொட்டலம். பிரித்தார்.

“இது இன்னாடா?”

“பியூஸ்ல இருந்து எடுத்தேங்க.”

அப்பா போட்ட சத்தத்தில் அதற்குள் தெரு பின்கட்டுக்கு வந்துவிட்டது. யாரோ முதலில் சிரித்தார்கள். “ஜரிகைய எவன்யா பியூஸ்ல போடுவான்?” என்றார் ஒருவர். கொல்லென்று எல்லாரும் சிரித்தார்கள். ஒயர்மேன் சித்தப்பாவைப் பார்த்தார். “உங்க தம்பியக் கேளுங்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா” என்றார் சித்தப்பா. தறியில் இருந்த ஏதோ ஓர் இழையைப் பார்த்தபடி சொன்னார்.

“தொற, பாக்கலாம்” என்றார் அப்பா. சித்தப்பா பியூஸ் கட்டையைக் கழற்றி எல்லாருக்கும் காட்டினார். உள்ளே புத்தம்புதுக் கம்பி, ஒழுங்காகத் திருகி இருந்தது. ஒயர்மேன் தன் கையால் போட்ட கம்பி.

அம்மா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள். “இவ அங்கியேதான் இருந்தா.” அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். “இன்னா பாத்தே? பயப்படாம சொல்லு.”

சித்தப்பா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒயர்மேன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, குழந்தை சொல்லிவிடும் என்று. நான் சொன்னேன், “பேப்பர்ல சுத்தி பைல வெச்சான்.”

பொய் இல்லைதானே? அவர் வைத்ததைத்தான் சொன்னேன். மிச்சத்தைத்தான் சொல்லவில்லை. அவ்வளவு போதுமாக இருந்தது.

அவர் சட்டைப் பையையும் வேட்டி மடிப்பையும் உதறிக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. பிறகு தரையில் கிடந்த சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை “பியூசு, பியூசு” என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் பின்னால் ஓடியது. நினைத்துப் பாருங்கள், நம்மில் நாலைந்து பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்தோம். அதற்குப் பிறகு நம் தெருவில் மட்டுமில்லை, சுற்றியிருந்த எந்த நெசவுத் தெருவிலும் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

திருடன் போய்விட்டான், வீடு நிம்மதியாக இருக்க வேண்டும். மார்கழியில் இரண்டாவது சேலையும் எடை குறைந்தது. அதே இருபது கிராம்.

இப்போது வெளியாள் யாரும் இல்லை. அப்பா எங்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். ஜரிகைப் பெட்டிக்குத் தனக்கு மட்டும் தெரிகிற ஒரு முடிச்சுப் போட்டார். அம்மா தார் சுற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்தார். அம்மா ஒரு நாள் முந்தானையை உதறி அவர் முன்னால் போட்டுவிட்டு, இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் புத்தகப் பையையும் பார்த்தார். சித்தப்பா டீ போடுவதை நிறுத்திவிட்டார். அடுப்பு கொல்லையில் விறகுக் கட்டைகளுக்கு அடியில் புதைந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. 

முடிச்சை அவிழ்த்தவர் முதலாளி வீட்டில் தராசு பிடிக்கிற பெரியவர். கொட்டகையிலேயே வைத்திருந்த அந்த இரண்டாவது சேலையை அப்பா மறுபடி நிறுக்கக் கொண்டுபோனபோது நானும் கூடப் போயிருந்தேன். சேலையை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்துவிட்டு, “நீ எங்க வெச்சி நெய்யறே?” என்று கேட்டார்.

“கொட்டகைல. பல்பு போட்டு.”

“அட போய்யா! அடை மழைல நான் குடுத்தது ஈரப் பட்டு. பட்டு காத்துல கீற தண்ணியக் குடிச்சிகினு எடை காட்டும். அத நீ பல்புல காய வெச்சி எடுத்துகினு வந்தா எடை எங்கிருந்து நிக்கும்?” சேலையை ஈரம் அடிக்கும் பின்னறையில் விரித்து வைக்கச் சொன்னார். மறுநாள் போய் நிறுத்தபோது முள் நடுவில் வந்து நின்றது. ஒரு கிராம்கூடக் குறையவில்லை. முதல் சேலை குறைந்ததும் அதனால்தான். சித்தப்பா பியூஸில் போட்ட ஜரிகை தராசு முள்ளை அசைக்கும் அளவுக்குக்கூட இல்லை.

நீங்கள் கேட்கலாம், நெசவே தொழிலானவர்களுக்கு இது தெரியாதா என்று. தெரியும். ஆனால் அதுவரை ஈரத்தில் வாங்கி ஈரத்தில் நெய்து ஈரத்திலேயே திருப்பிக் கொடுத்தோம், எடை மாறவில்லை. பல்பு போட்டால் எடையும் காயும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒயர்மேனைச் சந்தேகிப்பது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

அப்பா வீட்டுக்கு வந்து சித்தப்பாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். “அப்போ அவன் பைல ஜரிகை எப்படிடா வந்துது?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. பிறகு அடி விழுந்த சத்தம். பிறகு சித்தப்பா அழுதது. வெளியே வந்த அப்பா அம்மாவிடம், “வெளிய மூச்சு உடக்கூடாது. பொண்ணு வீட்டுக்காரங்க காதுல உழுந்தா அவ்ளோதான்” என்றார். சித்தப்பாவுக்கு அப்போது போளூரில் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

தை பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிறோம் என்று தெருவுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டு, அப்பா என்னை அழைத்துக்கொண்டு தேவிகாபுரம் பஸ் ஏறினார். பெண் குழந்தையோடு போனால் கோயிலுக்கு என்றுதான் நினைப்பார்கள். கோயிலுக்கும் போனோம், தேங்காய் உடைத்தோம். பிறகு ஊரைத் தாண்டி வரப்பு வழியாக நடந்து, ஒரு கூரை வீட்டு முன்னால் நின்றோம்.

ஒயர்மேன் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது பயம். அதை நான் மறக்கவில்லை. அவர் மனைவி கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா, “இப்பதான் குடிச்சோம்” என்றார். நாங்கள் குடித்திருக்கவில்லை. எனக்கு நாக்கு வறண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னது இதுதான்: “நடந்தத நான் மறந்துட்டேன்பா. போனது போவட்டும். நீ பழையபடி வேலைக்கு வா. முன்வூட்லயும் ஒயரிங் மாத்தணும்.”

திருடியவனை மன்னிக்கிற குரல். அவர் எடுக்கவில்லை என்று தெரிந்துகொண்டே அந்தக் குரலில் பேசினார். 

“வேலை இருக்கட்டுங்க. நான் எடுக்கலன்னு தெருவுல ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். நான் காசே வாங்காம செஞ்சி தரேன்.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? கெளறுனா நாறும்.”

“நான் எடுக்கலிங்க.” அவர் திரும்பி என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். “பாப்பா, நீ தொட்டிகிட்டதான நின்னுகினு இருந்த? உங்க சித்தப்பா என்னை பைல வைக்க சொன்னாரா இல்லியா? சொல்லு கண்ணு. நீ சொன்னா அப்பா நம்புவாரு.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை, வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒயர்மேனுக்குத்தான் தெரியாது. பாவம், அவர் ஒரு சாட்சி கிடைத்தால் போதும் என்று நினைத்தார்.

“நான் பாக்கல” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். திட்டவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு சின்னக் கம்பிச் சுருளை எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தார். “நான் வரலிங்க. வேற ஆள வெச்சிக்குங்க. பியூஸ் போச்சுன்னா இதையே போடச் சொல்லுங்க, வேற எதுவும் வேணாம். பாப்பா அந்தக் கொட்டகைலதான் வெளையாடுது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அப்பா வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். வெகு நேரம் கழித்து என் தலையில் கையை வைத்து, “சமத்து” என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. கடலையைத் தின்றுகொண்டே வந்தேன்.

அப்பாவும் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சித்தப்பா குடும்பம் நன்றாக இருக்கிறது, அந்தப் போளூர்ப் பெண்தான் எங்கள் சித்தி. ஒயர்மேன் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரித்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று பயம். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். ஆரணியில் அவர்கள் காதிலும் இந்தக் கதை விழுந்திருக்கலாம்.

இனி எந்தக் கல்யாணத்திலாவது யாராவது அதை எடுத்தால், சிரிக்கிற இடம் வருவதற்கு முன்னால் நிறுத்துங்கள். அவர் பியூஸிலிருந்துதான் எடுத்தார். நான் பார்த்தேன்.